மூன்றாம் ஆல்பத்தின் குளிர்

கத்திரி பிறந்த அன்று மத்தியானம், கோட்டை அகழித் தண்ணீர் கஞ்சி மாதிரி கெட்டியாகிக் கிடந்த நேரத்தில், வேலூர் சாயக்காரச் சந்தில் மிக்ஸி ரிப்பேர் கடை வைத்திருக்கும் தணிகைவேலின் வாயிலிருந்து புகை வந்தது. பீடியோ சிகரெட்டோ தொட்டறியாத ஆள். சால்டரிங் இரும்பிலிருந்து வருகிறதோ என்று பார்த்தான், அது சுவிட்சு போடாமல் கிடந்தது. மறுபடி மூச்சு விட்டான், மறுபடி வந்தது. வாசலுக்கு வெளியே கையை நீட்டினால் தார் உருக்கும் வெயில் முழங்கை வரை சுட்டது, உள்ளே இழுத்துக்கொண்டால் ரோமம் சிலிர்த்தது. இருபது வருஷத்துக்கு மேலாக ஊமையாய்க் கிடந்து அன்றுதான் புது பெல்ட் மாட்டிக்கொண்ட பழைய டூ-இன்-ஒன் ரேடியோ டேப்பில் கிரே லாண்டரியின் முதல் ஆல்பம் ஓடிக்கொண்டிருந்தது. தணிகைவேல் ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்துப் பனியனுக்கு மேல் போட்டு, கழுத்துப் பொத்தான் வரை பூட்டிக்கொண்டு, கேசட்டைத் திருப்பிப் போட்டான்.

கிரே லாண்டரி என்பது இங்கிலாந்தின் வடக்கே, மழை விட்டாலும் தூறல் விடாத ஏதோ ஒரு மில் ஊரில் நாலு பேர் சேர்ந்து நடத்திய பேண்டு. மூன்றே மூன்று ஆல்பம் போட்டுவிட்டுக் கலைந்து போனார்கள். மூன்றையும் சேர்த்து அலசினாலும் ஒரு கல்யாண வீட்டில் போடக்கூடிய பாட்டு ஒன்று தேறாது. பாடுகிறவன் கிணற்றில் வாளியைத் தவறவிட்டவன் உள்ளே எட்டிப் பார்த்துப் பேசுவது போலப் பாடுவான், டிரம்ஸ் அடிக்கிறவன் தையல் மிஷினுக்குப் பிறந்தவன் போல ஒரே சீராக அடிப்பான், பேஸ் கிடார்க்காரன் மட்டும் இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பவனைப் போல மெதுவாக எங்கேயோ போய்க்கொண்டிருப்பான். எண்பதுகளின் நடுவில் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்கு வந்த வெள்ளைக்கார டாக்டர் ஒருத்தன் இந்த மூன்று கேசட்டையும் கொண்டுவந்தான். அவனிடம் இரவல் வாங்கி, நர்சிங் படித்துக்கொண்டிருந்த காட்பாடிப் பெண் ஹெலன் மனோகரி ரெக்கார்டிங் சென்டருக்கு எடுத்து வந்தாள். அங்கே பாட்டு காப்பி போட்டுக் கொடுக்கிற வேலையில் தணிகைவேல் இருந்தான். மாமாவுக்கு கஜல் பதிய வந்த ஆம்பூர்த் தோல் ஷாப்பு இம்தியாஸ், தன் முறைக்காகக் காத்திருந்தவன், கஜலை மறந்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

அதன் பிறகு மூன்று வருஷம், ஞாயிறு மத்தியானம் முதலாளி சாப்பிட்டுத் தூங்கப் போனதும், மூன்று பேரும் அந்தக் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து எந்த ஆல்பம் உசத்தி என்று அடித்துக்கொள்வார்கள்.

"மொத ஆல்பத்துல பசி கீதுடா. ரெண்டாவதுல சாப்ட்டுட்டானுங்க" என்பான் இம்தியாஸ்.

"சாப்ட்டவன் அழமாட்டானா? ரெண்டாவதுல கிடாரைக் கேளு, ரயிலு போனப்புறம் பிளாட்பாரம் கீற மாதிரி கீது" என்பான் தணிகைவேல்.

"ரெண்டு பேருக்கும் காது இல்ல" என்று ஹெலன் காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்துக்கொள்வாள். "மூணாவதுலதான் அவன் அழுறத நிறுத்துறான். நிறுத்தின பிறகு ஒரு சத்தம் வருது பாருங்க, அதை நான் வார்டுல கேட்டிருக்கேன். அது அழுகையைவிடப் பெருசு."

மூன்றாவது ஆல்பத்தின் பெயர் 'த லாஸ்ட் டெனன்ட்', கடைசியாகக் குடியிருந்தவன் என்று வைத்துக்கொள்ளலாம். அதன் முதல் பக்கம் அறுபது நிமிஷக் கேசட்டின் ஒரு பக்கத்துக்குள் அடங்கவில்லை. ரெக்கார்டிங் சென்டர்களில் அதற்கென்று ஒரு வழக்கம் இருந்தது: பாட்டு பாதியில் அறுந்தால் வாங்குகிறவன் சண்டைக்கு வருவான், ஆகவே காப்பி போடுகிறவனே எதை எங்கே மாற்றினால் டேப்புக்குள் நிற்கும் என்று கணக்குப் பார்த்து வரிசையைக் கலைத்துப் போட்டுவிடுவான். தணிகைவேல், இரண்டாவதாக வரவேண்டிய கோட்டுப் பாட்டைத் தூக்கி மறுபக்கத்தின் கடைசியில் போட்டான். காலியான வீட்டில், கதவுக்குப் பின்னால் ஒரு கோட்டு தொங்குகிறது, போட்டுக்கொள்ள ஆளில்லை, அது இன்னும் தோளை ஞாபகம் வைத்திருக்கிறது என்று போகும் பாட்டு. அதோடு ஆல்பம் முடிகிறது என்றுதான் ஹெலன் நம்பினாள், அதற்காகவே மூன்றாவதை உசத்தி என்றாள். செல்போனில் எல்லாமே கிடைக்கிற காலம் வந்தபோதுதான் நிஜ வரிசை மற்ற இரண்டு பேருக்கும் தெரிந்தது. அதற்குள் ஹெலன் மஸ்கட்டில் நர்சாக முப்பது வருஷத்தைக் கழித்திருந்தாள். அவள் பங்குக் கேசட்டுகள் அங்கே காருக்குள் வெயிலில் உருகிப் போயிருந்தன. இம்தியாஸின் கேசட்டுகளை அவன் மனைவி வீடு மாறும்போது பழைய பிளாஸ்டிக்கோடு போட்டு ஒரு எவர்சில்வர் குண்டான் வாங்கியிருந்தாள். தணிகைவேலுக்குக் கல்யாணம் தள்ளிப்போய்த் தள்ளிப்போய்க் கடைசியில் வராமலே போய்விட்டதால், அவன் கேசட்டுகளைத் தூக்கிப் போட வீட்டில் ஆள் இல்லை. மூன்றும் தகர டப்பாவில் பத்திரமாக இருந்தன.

ஏப்ரல் கடைசியில் ஹெலனிடமிருந்து குரல் செய்தி வந்தது. "தணிகை, வேலையை விட்டாச்சு, ஜூன்ல ஊருக்கே வந்துடறேன். வந்ததும் மூணு பேரும் உக்காந்து மூணாவதைக் கேக்கணும். போன்ல வேண்டாம், போன்ல வரிசையே தப்பா இருக்கு. உன் கேசட்டுலதான் கேக்கணும். வெச்சிருக்கேல்ல?"

அந்தச் செய்தியைத் தணிகைவேல் எத்தனை தடவை கேட்டான் என்பது நமக்கு வேண்டாம். அதற்காகத்தான் பெல்ட் தேடினான், டூ-இன்-ஒன்னைப் பிரித்தான், சோதிப்பதற்காக முதல் ஆல்பத்தைப் போட்டான், வாயில் புகை வந்தது.

சந்தில் முதலில் மோப்பம் பிடித்தவள் பூக்காரி தெய்வானை. கடைக்கு எதிர்ச் சுவர் ஓரம் கூடை வைத்து முல்லை கட்டுகிறவள். மத்தியானத்துக்குள் வாய் பிளந்துவிடும் அரும்பு அன்று சாயங்காலம் வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தது. மறுநாள் கூடையைத் தூக்கி வந்து கடைப் படியில் வைத்தாள்.

"அண்ணே, நேத்து எத்த வெச்சியோ அத்தயே வெய்யி."

அடுத்து வந்தவர் ஹவில்தார் கன்னையன். பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வந்த பிறகு இந்த ஊர் வெயிலில் ஒருநாளும் நிம்மதியாகத் தூங்கியறியாதவர். டிரங்குப் பெட்டியிலிருந்து அந்துருண்டை வாசனையோடு பச்சை ஸ்வெட்டரை எடுத்து மாட்டிக்கொண்டு மே மாதத் தெருவில் மெடலோடு நடப்பவர் போல நடந்து வந்தார், ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார், கண்ணை மூடி முதல் ஆல்பம் முழுக்கவும் பிறகு இரண்டாவது ஆல்பம் முழுக்கவும் குளிரைக் கேட்டார், கடைசியில் தீர்ப்புச் சொன்னார்.

"மொதலாவது டார்ஜிலிங். ஈரக் குளிரு, துணி காயாது. ரெண்டாவது லே. காதைக் கடிக்கும், நெஞ்சுல தங்காது. எனக்கு ரெண்டாவது போதும்."

அப்படித்தான் சந்து அதை எடுத்துக்கொண்டது. வேர்க்குரு வந்த கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் வந்தார்கள், சர்க்கரைக்காரர்கள் இன்சுலின் பாட்டிலைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்து மேசையோரம் வரிசையாக வைத்துவிட்டுப் போனார்கள், பால்காரர் சைக்கிளோடு நின்றார், சபரிமலைக்கு வாங்கிய மப்ளர்கள் பீரோவிலிருந்து இறங்கின, வெயிலுக்குப் பயந்து சாக்கடைக்குள் படுத்திருந்த நாய்கள் படிக்கட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துக்கொண்டன. எப்படி வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. செல்போன் கடைக்காரர் மட்டும் அதே பாட்டுகளைத் தன் போனிலிருந்து ஆளுயர ஸ்பீக்கர் வழியாகப் போட்டுப் பார்த்தார், வெறும் இரைச்சலும் வெயிலும்தான் வந்தன. தணிகை அண்ணன் கை பட்ட கேசட்டுக்குத்தான் குளிர் என்று முடிவாகி, அந்தப் பேச்சு அதோடு நின்றது.

ஆனால் ஆல்பங்களைப் பற்றிய பேச்சு நிற்கவில்லை. மூட்டுவலிக்காரர்கள் முதலாவதை வெறுத்தார்கள், பால்காரர் இரண்டாவதுதான் பாலுக்கு நல்லது என்றார், தெய்வானை முதலாவதுக்கு முல்லையும் இரண்டாவதுக்கு ரோஜாவும் கேட்கும் என்றாள். ஒரு வார்த்தை இங்கிலீஷ் தெரியாதவர்கள், இரண்டாவதில் நாலாம் பாட்டு வரும்போது குழந்தைக்குப் போர்த்திவிடு என்று ஒருவருக்கொருவர் எச்சரித்துக்கொண்டார்கள். ஆம்பூரிலிருந்து வாராவாரம் வந்துபோன இம்தியாஸுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"முப்பத்தஞ்சு வருஷமா நான் ஒருத்தன்தான்டா மொத ஆல்பம் மொத ஆல்பம்னு கத்தினு இருந்தேன். இப்ப பாரு, பால்காரரு எங்கூட சண்டைக்கி வர்றாரு. இதுக்கு மேல இன்னா வேணும்?"

எதிர்த்து நின்றது ஒரே ஒரு ஆள், மாவுக்கார ஆண்டாளக்கா. கடைக்கு ஒட்டின வீடு. பத்துத் தெருவுக்கு இட்லி மாவு அவள் வீட்டுக் கிரைண்டரில்தான் அரைபடும். வேலூர் வெயிலில் அரைத்து வைத்த மாவு, திரும்பிப் பார்ப்பதற்குள் பொங்கும். அந்த மே மாதம் அது பொங்கவில்லை, சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்பு போல மட்டமாக உட்கார்ந்திருந்தது. ஆண்டாளக்கா மாவுக் கையோடு கடை வாசலில் வந்து நிற்பாள்.

"டேய் தணிகை, பாடறானா இவன்? பல்லுவலிக்காரன் மாதிரி மொனகறான். எம் மாவு அவன் மூஞ்சியப் பாத்துட்டுப் பொங்க மாட்டேங்குது."

"அக்கா, கொழந்தைங்க தூங்குதுங்க."

"தூங்கி எழுந்தா இட்லி கேக்குமே, அப்ப இன்னா குடுப்ப? இந்த லாண்டிரிக்காரன் வந்து ஊத்துவானா?"

கடைசியில் ஒரு சமாதானம் ஏற்பட்டது. அவள் விடியற்காலையில் அரைக்க வேண்டியது, பத்து மணிக்குள் பொங்கினதை வழித்துக்கொள்ள வேண்டியது, அதன் பிறகுதான் தணிகைவேல் கேசட்டைத் தொட வேண்டியது. அந்தச் சமாதானம் ஏற்பட்ட அன்று அவளுக்கு மரியாதை செய்யும் விதமாகவோ, அல்லது யாருக்காவது ஒரு முறை போட்டுக் காட்டவேண்டும் என்று இருந்ததாலோ, தணிகைவேல் தகர டப்பாவைத் திறந்து மூன்றாம் ஆல்பத்தின் கோட்டுப் பாட்டைப் பாதி வரை போட்டான். குளிர் தரையிலிருந்து மெல்ல எழும்பி முழங்கால் அளவுக்கு வந்து நின்றது. கடிக்கவில்லை, நனைக்கவில்லை. பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்ததும் வரும் குளிர். ஹவில்தார் ஸ்வெட்டரின் கழுத்தைப் பிடித்தபடி, இந்தக் குளிர் அடிக்கிற ஊரில் தான் இருந்ததில்லை என்றார்.

"இவன் எதுக்கு இப்டி சும்மா கீறான்?" என்றாள் ஆண்டாளக்கா.

தணிகைவேல் கோட்டின் கதையைச் சொன்னான்.

"லாண்டிரின்னு பேர வெச்சினு கீறான், அத்தத் தோச்சுப் போடக் கூடாதா?" என்றாள். ஆனால் போகும்போது படியில் ஒரு தரம் நின்று, அவன் பாட்டை நிறுத்தும் வரை இருந்துவிட்டுத்தான் போனாள்.

அவன் பாதியோடு நிறுத்தியதற்குக் காரணம் இருந்தது. ஒவ்வொரு தடவை ஓடும்போதும் டேப் உரசும் ஹெட்டில் துரு நிறத்தில் பொடி உதிர்ந்தது, பாட்டும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்தது. முதலில் டிரம்ஸோடு இருக்கும் சிம்பல் தட்டின் ஜிலுஜிலுப்பு போகும், பிறகு குரல், பிறகு கிடார். பாட்டு தேயத் தேயக் குளிரும் தேய்ந்தது. மே நடுவில் முதல் ஆல்பம் வெறும் இரைச்சலானது, அன்றைக்கு யார் வாயிலிருந்தும் புகை வரவில்லை. இம்தியாஸ் செய்தி கேட்டு அன்று தோல் ஷாப்புக்கே போகவில்லை. கத்திரி முடியும் சமயத்தில் இரண்டாவதும் ஊமையானது. தணிகைவேல் முப்பத்தைந்து வருஷம் உசத்தி என்று சாதித்த ஆல்பம், தெய்வானையின் ரோஜாவுக்கும் பால்காரரின் கேனுக்கும் சர்க்கரைக்காரர்களின் மருந்துக்கும் கரைந்து போயிற்று. அவன் அதற்காக வருத்தப்படவில்லை என்று சொன்னால் பொய். மூன்றாவதை வெயிலும் தூசியும் அண்டாமல் டப்பாவுக்குள் வைத்து மூடி, இது ஹெலனுக்கு, இதை யாரும் கேட்கக் கூடாது என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டான். யாரும் கேட்கவில்லை. மப்ளர்கள் பீரோவுக்குத் திரும்பின. "இனிமே பொங்கும்" என்றாள் ஆண்டாளக்கா, ஆனால் ஜெயித்தவள் போலச் சொல்லவில்லை.

கத்திரி முடிந்தும் வெயில் முடியாத ஒரு காலையில், ஆண்டாளக்கா வழக்கம்போல மாவை அரைத்து, மூன்று பெரிய அண்டாக்களில் ஊற்றி மூடிவிட்டு, கிரைண்டரின் பக்கத்தில் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தாள். பொழுது விடிவதற்குள் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரும் வெடித்துக் கரண்டு போயிருந்தது. அந்த வெயிலில் ஊரில் பல வீடுகளில் சாவு, ஐஸ் பெட்டி எதுவும் கைக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தாலும் சொருகுவதற்குக் கரண்டு இல்லை. அவளுக்கு இருந்தது ஒரே மகள் கோதை, அகமதாபாத்தில். எந்த விமானம் பிடித்தாலும் சாயங்காலத்துக்கு முன்னால் வர முடியாது.

ஆண்டாளக்காவைக் கூடத்தில் கிடத்தி, தலைமாட்டில் விளக்கேற்றி, வெட்டிவேர் விசிறியால் ஆள் மாற்றி ஆள் விசிறினார்கள். ஒன்பது மணிக்கே சுவர் சுட்டது. வாசலில் நின்ற பெரியவர் ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "தாங்காதுபா. உச்சிக்குள்ள எடுத்துடணும். பொண்ணுக்கு மூஞ்சிய வீடியோல காட்டிடலாம்."

ஹவில்தார் தணிகைவேலைப் பார்த்தார், பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் அவனைப் பார்க்காமல் இருக்கத் தொடங்கினார்கள். தெய்வானை மட்டும் பக்கத்தில் வந்தாள்.

"நாங்க கேக்க மாட்டோம்ணே" என்றாள். "கேக்கறதுக்கு வாய் வரல."

தணிகைவேல் கடைக்குள் போய் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு இம்தியாஸுக்குப் போன் செய்தான்.

"எவ்ளோ நேரம் ஓட்டணும்?" என்றான் இம்தியாஸ்.

"சாயங்காலம் வரைக்கும்."

"திருப்பித் திருப்பியா? மிஞ்சாதுடா."

"தெரியும்."

"அவ முப்பது வருஷம் கழிச்சு வர்றா, தணிகை. அத்தக் கேக்கறேன்னு வர்றா."

"ஹெலன் உயிரோட வர்றா இம்தி. எப்ப வந்தாலும் வந்ததுதான். இந்தப் பொண்ணு அம்மாவப் பாக்கறதுக்கு இன்னிக்கு மட்டும்தான்டா வர முடியும்."

"அப்ப என்ன எதுக்குக் கூப்ட்ட?"

"தனியா பண்ண முடியல."

"பேட்டரி வெச்சிருக்கியா?" என்றான் இம்தியாஸ். "நான் வர்றேன். வர்ற வழியில வாங்கினு வர்றேன்."

அவன் வரும் வரைக்கும் சந்தே டார்ச்சுகளைத் திருகிப் பேட்டரிகளைக் கொட்டியது. தணிகைவேல் டூ-இன்-ஒன்னை ஆண்டாளக்காவின் தலைமாட்டில், விளக்குக்கு எதிர்ப் பக்கம் வைத்து, மூன்றாவது கேசட்டைப் போட்டான். குளிர் தரையிலிருந்து எழும்பிற்று. அவள் பாதத்தை மூடி, கையை மூடி, நெற்றிப் பொட்டு வரைக்கும் வந்து நின்றது. விசிறியவர்கள் விசிறிகளைக் கீழே வைத்தார்கள். யாரோ போய் மப்ளர்களைக் கொண்டுவந்தார்கள். தெருவில் வெயில் தகரத்தைச் சுட்டுக்கொண்டிருக்க, அந்தக் கூடத்தில் சால்வை போர்த்திய ஜனம் சுற்றி உட்கார்ந்து, இங்கிலாந்தில் எவனோ காலி செய்துவிட்டுப் போன வீட்டைப் பற்றிய பாட்டைக் கேட்டது.

ஒப்பாரி வைக்கிறவர்களுக்குத்தான் முதலில் சங்கடமாயிருந்தது. தெய்வானைதான் முன்பாட்டுக்காரி. அவள் ஒரு பக்கம் இழுக்க, டிரம்ஸ்காரன் அவன் பாட்டுக்குத் தையல் மிஷின் ஓட்ட, இரண்டும் ஒத்துப்போகாமல் இடித்துக்கொண்டன. முதல் சுற்றில் அவள் டூ-இன்-ஒன்னை முறைத்தாள். இரண்டாவது சுற்றில் அவன் அடிக்கு நடுவில் விழுந்த இடைவெளியில் தன் மூச்சை வைத்தாள். அதன் பிறகு எத்தனையாவது சுற்றிலோ, பேஸ் கிடார்க்காரன் சுவரைத் தடவிக்கொண்டு போகும் வழியிலேயே அவள் குரலும் போகத் தொடங்கிற்று. "மாவரைச்ச கைக்கு மருதாணி வெக்கலியே" என்று அவள் இழுக்க, மற்றப் பெண்கள் மார்பில் அடித்துக்கொண்ட அடி டிரம்ஸோடு விழுந்தது. எந்தப் பாட்டுக்கு அடுத்து எந்தப் பாட்டு என்று கூடத்துக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. ஒவ்வொரு பாட்டு முடிவிலும், காப்பி போட்ட காலத்தில் தணிகைவேலின் கட்டைவிரல் பட்டனை அமுக்கிய சத்தம் டொக்கென்று விழும். அது விழுந்ததும் பெண்கள் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்ததற்குத் தயாராவார்கள்.

தணிகைவேல் பக்கம் மாற்றிக்கொண்டே இருந்தான். ஹெட்டைத் துடைக்கும்போது பஞ்சில் துரு அப்பிக்கொண்டு வந்தது. மத்தியானத்துக்கு மேல் சிம்பல் போயிற்று. இம்தியாஸ் பேட்டரிகளோடு வந்து அவன் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தபோது குரல் போய்க்கொண்டிருந்தது, பாடுகிறவன் வாளியை விட்டுவிட்டுக் கிணற்றிலிருந்து விலகிப் போகிறவன் போல. வெயில் சாயத் தொடங்கியபோது கிடார் போயிற்று, பேஸும் டிரம்ஸும் மட்டும் நின்றன. குளிர் முழங்காலுக்கு இறங்கிற்று, பிறகு கணுக்காலுக்கு. ஹவில்தார் ஸ்வெட்டரைக் கழற்றி குளிர் வெளியே ஒழுகாதபடிக்கு வாசற்படியில் சுருட்டி வைத்தார்.

கோதை ஆட்டோவிலிருந்து இறங்கியபோது டிரம்ஸ் மட்டும்தான் பாக்கி. அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அம்மாவின் கன்னத்தில் கையை வைத்தாள். கன்னம் விடியற்காலையில் குளித்துவிட்டு வந்தவளின் கன்னம் போலச் சில்லென்று இருந்தது.

"இப்பதான் தூங்கின மாதிரி இருக்கேம்மா" என்றாள்.

அவள் பேசியபோது வாயிலிருந்து மெல்லிசாகப் புகை வந்தது. அழுது முடித்து நிமிர்ந்தபோது வரவில்லை. டூ-இன்-ஒன்னில் வெறும் இரைச்சல் ஓடிக்கொண்டிருந்தது. தணிகைவேல் கையை நீட்டி அதை நிறுத்தினான்.

வெளிச்சம் இருக்கும்போதே எடுத்துப் போனார்கள். திரும்பி வந்து கோதை விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்த நேரத்தில், அடுக்களைப் பக்கம் ஏதோ உருண்டு விழும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தார்கள். காலையில் ஆண்டாளக்கா மூடி வைத்துவிட்டுப் போன மூன்று அண்டாவிலும் மாவு மூடிகளைத் தள்ளிக்கொண்டு பொங்கி, விளிம்பைத் தாண்டி, தரையில் இறங்கி, ஒன்றும் அவசரமில்லை என்பது போலக் கூடத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது. சாவு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்பதால், சந்தில் அத்தனை வீட்டுக்காரர்களும் கிண்ணங்களோடு வந்து அள்ளிப் போனார்கள். மறுநாள் காலையில் எல்லா வீட்டு இட்லியும் ஒரே புளிப்பில் இருந்தது.

ஜூன் பாதியில் ஹெலன் வந்தாள். தலை வெள்ளையாகி, முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு, ரோஸ் நிறச் சேலையில் சந்துக்குள் நடந்து வந்தவளைத் தணிகைவேல் கடைக்குள் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தான். இம்தியாஸ் பன்னீர் சோடா வாங்கி வந்தான். தணிகைவேல் எல்லாவற்றையும் சொன்னான், மாவைப் பற்றியும் சொன்னான்.

"சரி, போடு" என்றாள்.

"ஹெலன், அதுல ஒண்ணும் இல்ல."

"போடேன். கேக்கறதுக்குத்தானே வந்தேன்."

போட்டான். இரைச்சல் ஓடிற்று. மின்விசிறி தலைக்கு மேல் வெந்நீர்க் காற்றைக் கலக்கிக்கொண்டிருந்தது. ஹெலன் பழையபடி காலைத் தூக்கி எதிர் ஸ்டூலில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். "இதுல சுத்தமா நிறுத்திட்டான்" என்றாள் கொஞ்சம் பொறுத்து. "இப்பதான்டா இது நல்ல ஆல்பம்."

"மொதலாவதும் இதே மாதிரிதான் ஆயிருக்கு" என்றான் இம்தியாஸ். "அதுவும் இப்ப இதே அளவுக்கு நல்லாருக்கு. சொல்லப்போனா அதுதான் மொதல்ல ஆச்சு."

அப்போது இரைச்சலுக்குள் டொக்கென்று ஒரு சத்தம் விழுந்தது. பாட்டெல்லாம் உதிர்ந்த டேப்பில் தணிகைவேலின் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியிருந்தது. அது விழுந்ததும், எதிர்ச் சுவரோரம் முல்லை கட்டிக்கொண்டிருந்த தெய்வானை, யாரும் சொல்லாமலே, மூக்குக்குள்ளிருந்து பேஸ் கிடார்க்காரன் போகிற வழியில் ம்ம்ம் என்று போகத் தொடங்கினாள். நாரைச் சுற்றுகிற விரல் நிற்கவில்லை. ஹெலன் கண்ணைத் திறந்தாள். அடுத்த டொக். தெய்வானை அடுத்த பாட்டுக்கு மாறினாள். ஆண்டாளக்கா வீட்டுப் படியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஹவில்தார் செருப்புக் காலால் தையல் மிஷின் ஓட்டினார். பால்காரர் கேனில் தட்டிக்கொண்டே போனார்.

பக்கம் முடிந்தது. தணிகைவேல் எழுந்து திருப்பிப் போட்டான். டொக்குக்கு டொக் பாட்டு மாறி, கடைசியில் கோட்டுப் பாட்டு வந்தது. சாவு வீட்டில் பாடியது போலவே தெய்வானை அதற்கு நடுவில் மருதாணி வரியையும் சேர்த்துக்கொண்டாள்.

"போன்ல வரிசை தப்புன்னு சொன்னேன்ல" என்றாள் ஹெலன்.

"ஒரிஜினல்காரனே தப்பாத்தான் போட்டிருக்கான்" என்றான் இம்தியாஸ். "அவனுக்கு யாரும் சொல்லல போல."

ஹெலன் முந்தானையை எடுத்து இரண்டு தோளையும் மூடிப் போர்த்திக்கொண்டாள். வெளியே தெய்வானை பாட்டை நிறுத்தாமலே, வெயிலில் இருந்த பூக்கூடையைக் காலால் கடைப் பக்கம் தள்ளி வைத்தாள்.